குழந்தையின் முதல் தையல் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கைத்தையல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளைவிட அவர்களைக் கொண்டுவந்து விடும் பெரியவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள், அதுவும் பெரும்பாலும் பெட்டியைப் பற்றி. என்ன வாங்குவது, எதை விடுவது, குத்திக்கொண்டால் என்ன செய்வது என்றெல்லாம். வாய் வலிக்கச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வயதில் ஊசியைக் கையில் கொடுக்கலாம்?

எல்லோரும் வயதைக் கேட்பார்கள், நான் கையைப் பார்ப்பேன். காகிதத்தில் போட்ட கோட்டின்மேல் வெட்டத் தெரிகிறதா? தன் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்கிறதா? "கீழே வை" என்றால் வைக்கிறதா? மூன்றும் சரியென்றால் கொடுக்கலாம். பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில் இது கூடிவரும். ஐந்திலேயே அழகாகத் தைத்த பிள்ளையும் உண்டு, ஒன்பதிலும் ஊசியை வாளாகச் சுழற்றிய பிள்ளையும் உண்டு.

மூன்று, நான்கு வயதுக்கு ஊசியே வேண்டாம். தடித்த அட்டையில் வரிசையாகத் துளை போட்டு ஒரு ஷூ லேஸைக் கொடுங்கள். மேலே போவதும் கீழே வருவதும் அதிலேயே கைக்குப் பழகிவிடும்.

பெட்டியில் கட்டாயம் என்னென்ன இருக்க வேண்டும்?

ஊசி நான்கு. இரண்டு மூன்று நிறத்தில் நூல். துணி வெட்டும் சின்னக் கத்தரிக்கோல். தலை பெரிதாக உள்ள குண்டூசி பத்து. பெரிய பட்டன் நாலைந்து. ஃபெல்ட் எனும் தடித்த, விறைப்பான துணி இரண்டு மூன்று நிறத்தில், கைக்குட்டை அளவுக்கு. பழைய பருத்திச் சட்டையில் வெட்டியெடுத்த துண்டுகள். கோடு போட ஒரு பென்சில், சின்ன ஸ்கேல், ஒரு காந்தம், மூடி நன்றாக இறுகும் ஒரு டப்பா. இவ்வளவு போதும்.

எண்ணிக்கை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தைத்து முடித்ததும் பிள்ளையே ஊசியை எண்ணி வைக்க வேண்டும். நான்கு ஊசியும் பத்து குண்டூசியும் என்றால் அரை நிமிட வேலை. இருபத்தைந்து ஊசி கொண்ட அட்டையை அப்படியே பெட்டியில் போட்டால் ஒருவரும் எண்ணமாட்டார்கள், ஒன்று குறைந்தாலும் தெரியாது. மிச்ச ஊசிகள் உங்கள் அலமாரியில் இருக்கட்டும். பெட்டி மூடியின் உட்புறம் "ஊசி 4, குண்டூசி 10" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஊசிதானே பாதுகாப்பு?

சாக்குத்துணி போல இடைவெளிவிட்டு நெய்த துணியில் ஐந்து வயதுப் பிள்ளை தைப்பதற்குப் பிளாஸ்டிக் ஊசி நல்லது. வேறு துணிக்கு அது ஆகாது. ஃபெல்ட்டில் அதைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை பலம் கொண்ட மட்டும் அழுத்தும், ஊசி வளையும், நுழையாது. இரண்டு தையல் போடுவதற்குள் "எனக்கு வராது" என்று பெட்டியை மூடிவிடும். உண்மையில் வராதது ஊசிக்கு.

மழுங்கிய ஊசியில் இன்னொரு தொல்லை, அழுத்தி அழுத்தித் தள்ளும்போது அது சட்டென்று வழுக்கி, துணிக்கு அடியில் பிடித்திருக்கும் கையில் போய் முட்டும். கூரான ஊசி லேசாகத் தொட்டாலே உள்ளே போகும், கை கட்டுப்பாட்டில் இருக்கும். அதனால் ஃபெல்ட்டுக்கு வந்ததுமே உண்மையான எஃகு ஊசிதான் கொடுக்கிறேன்.

எந்த ஊசி என்று கேட்டு வாங்குவது?

ஊசிக்கு எண் உண்டு. எண் கூடக்கூட ஊசி மெலியும், இதைத் தலைகீழாக நினைத்து வாங்கிவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டியது காது. சாதாரணத் தையல் ஊசியின் காது சின்ன வட்டம். எம்பிராய்டரி ஊசியின் காது நீளமாக இருக்கும், தடித்த நூலும் போகும், முனையும் கூராகவே இருக்கும். எம்பிராய்டரி ஊசியில் எண் 5 அளவில் இரண்டு வாங்குங்கள். அப்புறம் ஷெனில் ஊசி என்று கேட்டு எண் 22 ஒன்று. அது இன்னும் தடிமன், காதும் இன்னும் பெரிது, முனை கூர். நான்காவதாக முனை மழுங்கிய டேப்பஸ்ட்ரி ஊசி ஒன்று, சாக்குத்துணிக்கும் கம்பளி நூலுக்கும்.

நூல் கோர்க்கவே முடியவில்லை என்று அழுகிறாள். என்ன செய்ய?

பாதிப் பிள்ளைகள் தையலை விடுவது இந்த இடத்தில்தான். பெரியவர்கள் உடனே வாங்கிக் கோர்த்துக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த தடவையும் அவள் நம்மிடமே வந்து நிற்பாள்.

நூல் முனையை எச்சில் தொட்டுக் குத்திப் பார்ப்பதுதான் நமக்கெல்லாம் தெரிந்த வழி. எச்சிலில் நூல் ஊறிப் பருத்து, இழை பிரிந்து ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் போகும். அதற்குப் பதிலாக மடித்துக் கோர்க்கச் சொல்லிக்கொடுங்கள். நூலை ஊசியின்மேல் போட்டு மடித்து, மடிப்பை ஊசியோடு ஒட்டி விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊசியை மட்டும் உருவிவிட வேண்டும். இப்போது விரல் இடுக்கில் ஒரு சின்ன வளைவு மட்டும் எட்டிப் பார்க்கும். நூலைத் தேடிக்கொண்டு ஊசியின் காது வரட்டும். காதை அந்த வளைவின்மேல் வைத்து அழுத்தினால் நூல் தானாக உள்ளே ஏறும். மூன்று நான்கு முறை தவறும், ஐந்தாவது முறை ஏறியதும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்படியும் வரவில்லையா? ஊசியைத் திருப்பி மறுபக்கமிருந்து கோர்க்கச் சொல்லுங்கள். காதைத் துளையிடும் விதத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் வழவழப்பாக அமைந்துவிடும், பக்கம் மாற்றினாலே சில சமயம் போய்விடும். வெள்ளைக் காகிதத்தின் முன்னால் பிடித்தால் காது நன்றாகத் தெரியும். மெல்லிய கம்பி வைத்த கோர்ப்பானும் கிடைக்கும். ஆனால் அந்தக் கம்பி சின்னக் கைகளில் சீக்கிரம் பிய்ந்து வந்துவிடுகிறது, அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

எந்த நூல்? எவ்வளவு நீளம்?

எம்பிராய்டரி நூலில் ஆரம்பியுங்கள். ஒரு சிட்டத்தில் வழக்கமாக 8 மீட்டர் இருக்கும், ஒரு நூலில் ஆறு இழை. ஃபெல்ட்டுக்கு மூன்று இழை போதும். ஆறையும் இரண்டு பாதியாகப் பிடித்து இழுத்தால் நடுவில் முடிச்சு விழும். ஒவ்வோர் இழையாக உருவி, அப்புறம் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டனுக்குச் சாதாரணப் பாலியஸ்டர் தையல் நூல் ஒரு கண்டு.

நிறம் துணிக்கு நேர் எதிராக இருக்கட்டும். நீலத் துணியில் மஞ்சள் நூல் மாதிரி. தான் போட்ட தையல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பிள்ளை அடுத்ததைச் சரியாகப் போடும். நாம் சட்டை தைக்கும்போது தேடுகிற "நிறம் ஒத்துப்போவது" இங்கே உதவாது.

நீளத்துக்கு முழம்தான் அளவு, அதுவும் அந்தப் பிள்ளையின் முழம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. பெரியவர்களுக்கு அது சுமார் 45 செ.மீ., ஏழு வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் குறையும். இரண்டு முழம் வெட்டி, கோர்த்து, இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் இரட்டை நூலாக ஒரு முழம் வரும். இப்படி முடிச்சுப் போட்டால் பாதியில் ஊசி கழன்று விழாது. "அடிக்கடி கோர்க்க வேண்டாமே" என்று நீளமாக விட்டால், ஒவ்வொரு தையலுக்கும் கை தலைக்கு மேலே போகும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண் ஜாக்கிரதை.

நூல் எப்போதும் சிக்காகிறதே?

தைக்கத் தைக்க விரல்களுக்கிடையில் ஊசி கொஞ்சம் கொஞ்சமாகச் சுழல்கிறது, நூலும் கூடவே முறுக்கேறுகிறது. பத்துத் தையலுக்கு ஒரு முறை துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடச் சொல்லுங்கள். அது தானே ராட்டினம்போலச் சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இது தையலைவிடப் பிடித்த வேலை. தேன்மெழுகுக் கட்டி கிடைத்தால் தையல் நூலை அதன்மேல் ஒரு தடவை இழுத்துவிடலாம், சிக்குக் குறையும்.

பள்ளிக்கூடக் கத்தரிக்கோல் போதாதா?

போதாது. அது காகிதத்துக்கானது. துணியை அதில் வைத்தால் வெட்டுவதற்குப் பதிலாக மெல்லும். முனை உருண்டும் விளிம்பு கூராகவும் உள்ள 5 அங்குலக் கத்தரிக்கோலாகப் பாருங்கள். வாங்கும் இடத்திலேயே ஒரு துண்டுத் துணியை முனை வரை வெட்டிப் பார்ப்பது நல்லது, மட்டமானவை அடிப்பக்கம் வெட்டி நுனியில் துணியை மடக்கிக்கொள்ளும்.

அதன் கைப்பிடியில் ஒரு ரிப்பன் கட்டிவிடுங்கள். ரிப்பன் கட்டியது காகிதத்தைத் தொடக்கூடாது. காகிதம் செய்யும்போது களிமண், சுண்ணாம்புத் தூள் எல்லாம் சேர்க்கிறார்கள், அது விளிம்பை உரசி மழுக்கிவிடும். எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தை முதலில் மீறியது நான்தான். அவசரத்துக்கு ஒரு பார்சல் உறையை வெட்டிவிட்டு, பதினைந்து நாள் பேச்சு வாங்கினேன்.

இடது கைப் பிள்ளைக்கு?

கத்தரிக்கோல் கட்டாயம் இடது கைக்கானதாக இருக்க வேண்டும். வலது கைக் கத்தரிக்கோலை வலது கையில் பிடித்து அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்கும். அதையே இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகும், துணி நடுவில் மடங்கிக்கொள்ளும். தப்பு பிள்ளையுடையது இல்லை. கைப்பிடி வளைவை மட்டும் மாற்றிவிட்டு "இரு கைக்கும்" என்று விற்பதை நம்பாதீர்கள், அலகும் மாறியிருக்க வேண்டும். வெட்டும் நுனியை முன்னால் நீட்டிப் பிடித்தால், இடது கைக் கத்தரிக்கோலில் மேலே இருக்கும் அலகு இடது பக்கம் இருக்கும்.

சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்கள் வலது கையைப் பார்த்து அது இடது கையில் செய்யும்.

துணி எது நல்லது?

முதலில் ஃபெல்ட். அது நெய்த துணி இல்லை, இழைகளை அழுத்திச் செய்தது. வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கும் தேவை இல்லை, விறைப்பாக நிற்கும். அப்புறம் பழைய பருத்திச் சட்டை, தலையணை உறை. பலமுறை துவைத்துத் துவைத்து மெத்தென்றிருக்கும், ஊசி வெண்ணெயில் போவதுபோலப் போகும். டி-ஷர்ட் துணி இழுபடும், சாட்டின் வழுக்கும், ஜீன்ஸ் ஊசியை விடாது. மூன்றையும் ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம்.

முதலில் எதைத் தைக்க வைப்பது?

ஊசிப் புத்தகம். பெட்டியில் ஊசி குத்திவைக்க எதுவும் போடாமல் விட்டேன் பாருங்கள், அதை அவர்களே செய்யட்டும். 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் ஒரு ஃபெல்ட். அதைவிட ஒரு சுற்றுச் சின்னதாக வேறு நிறத்தில் இன்னொன்று. ஒன்றின்மேல் ஒன்று வைத்து, குண்டூசி குத்தி, நடுவில் கோடு போட்டு, அரை செ.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி ஓட்டுத் தையல். முடித்து மடித்தால் அட்டையும் பக்கமுமாகப் புத்தகம்.

இதில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளையும் ஒரே தப்பைச் செய்யும். மேலிருந்து கீழே போன ஊசியைக் கீழிருந்து மேலே கொண்டுவராமல், துணியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலிருந்தே குத்தும். நூல் ஓரத்தைக் கட்டிப்போட்டுவிடும், துணி சுருளும். "முங்கு, எழு, முங்கு, எழு" என்று கூடவே சொல்லிக்கொண்டிருங்கள். மேலே முங்கியது கீழே போய் அங்கிருந்துதான் எழ வேண்டும். தப்பு நடந்ததும் ஊசியைக் கழற்றி அந்த ஒரு தையலை மட்டும் பின்னால் இழுத்துவிட்டால் போதும், முழுக்கப் பிரிக்க வேண்டாம்.

ஓட்டுத் தையல் கைவந்த பிறகு, ஒவ்வொரு முறையும் ஒரு தையல் பின்னால் போய்க் குத்தும் பின் தையல், அப்புறம் ஓரத்தைச் சுற்றிக் கட்டும் கம்பளித் தையல் (பிளாங்கெட் ஸ்டிச்). சங்கிலித் தையல் பார்க்க அழகு என்பதால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கொடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

பட்டன் தைக்க எப்போது பழக்கலாம்?

இரண்டாவது வாரத்திலேயே. 20 மி.மீ.க்குக் குறையாத, இரண்டு துளை உள்ள பட்டன். நான்கு துளை என்றால் எந்தத் துளையில் வந்தோம் என்பதே மறந்துபோகும். துணிக்கு அடியிலிருந்து வரும் ஊசி துளையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு குத்துவதுபோல நாலு இடத்தில் முட்டிப் பார்க்கும். பட்டனைக் கொஞ்சம் தூக்கி, முதலில் துணியில் ஊசி நுனி எங்கே எட்டிப் பார்க்கிறது என்று பார்த்துவிட்டு, பட்டன் துளையை அந்த நுனியின்மேல் கொண்டுபோய் இறக்கச் சொல்லுங்கள். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, கடைசியில் அதை உருவிவிட்டு, கிடைத்த தொய்வில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் பட்டன் போட்டுக் கழற்ற இடம் இருக்கும்.

பையன்களும் கற்றுக்கொள்வார்களா?

பட்டன் ஆள் பார்த்து அறுவதில்லை.

குத்திக்கொண்டால்?

குத்திக்கொள்வார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, கொஞ்சம் அழுத்திப் பிடித்து, ஒரு பிளாஸ்டர் ஒட்டினால் முடிந்தது. பெட்டியிலேயே இரண்டு பிளாஸ்டர் போட்டு வையுங்கள். அதைப் பார்த்தாலே பாதி அழுகை நின்றுவிடும். துணியில் ரத்தம் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் கறையைப் பிடிக்க வைத்துவிடும். ஊசி உடைந்து துண்டு உள்ளே நின்றுவிட்டால் நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். தரையில் கிடந்த அழுக்கு ஊசி ஆழமாகக் குத்தினாலும் காட்டிவிடுங்கள், டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்பார்கள்.

ஊசி தொலைந்துவிட்டது!

யாரும் நடக்காதீர்கள், அதுதான் முதல் வேலை. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். சாய்ந்து விழும் ஒளியில் ஊசி மின்னும், நிழலும் நீளமாக விழும். அதன் பிறகு காந்தத்தால் துழாவுங்கள். தொலையாமலிருக்க நான் வைத்திருக்கும் சட்டம், நூல் கோர்க்காத ஊசி ஊசிப் புத்தகத்தில் மட்டுமே இருக்க வேண்டும். கோர்த்த ஊசி விழுந்தால் மஞ்சள் நூல் காட்டிக்கொடுக்கும்.

காந்தம் உள்ளங்கை அளவில் ஒன்றே ஒன்று இருக்கட்டும். குட்டிக் குட்டியான வலுவான காந்தங்கள் வேண்டவே வேண்டாம், ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் பட்டனும் அதேபோலத்தான், தொண்டையில் சிக்கும். பெட்டி உயரத்தில் இருக்கட்டும். குண்டூசி வாங்கியதும் காந்தம் அதைப் பிடிக்கிறதா என்று பாருங்கள், பித்தளையில் செய்தது ஒட்டாது.

அளவு டேப், விரல் தொப்பி, எம்பிராய்டரி வளையம்?

டேப்பை இழுத்து இழுத்து விளையாடுவார்கள், ஸ்கேல் போதும். விரல் தொப்பி சின்ன விரலில் நிற்காது. வளையம் பருத்தித் துணிக்குப் போனதும் வாங்கலாம், 5 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், சின்னக் கை நடுவரை எட்டாது.

எல்லாம் சேர்ந்த தயார் பெட்டி வாங்கிவிடலாமா?

வாங்கலாம், ஆனால் பெரும்பாலும் அதில் டப்பாதான் நன்றாக இருக்கும். முப்பது நிறத்தில் நூல் இருக்கும், ஒவ்வொன்றும் இழுத்தால் அறும். ஏற்கெனவே பரிசாக வந்துவிட்டதென்றால் டப்பாவையும் பட்டன்களையும் வைத்துக்கொண்டு ஊசி, நூல், கத்தரிக்கோல் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

தையல் கோணல் மாணலாக இருக்கிறது. ராத்திரி நான் கொஞ்சம் சரிசெய்து வைக்கட்டுமா?

வேண்டாம். கண்டுபிடித்துவிடுவார்கள். என் மகளுக்கு ஒரு முறை அப்படிச் செய்தேன், நாலே நாலு தையல்தான். காலையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னுது இல்ல" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டாள். நேராக வர வேண்டுமென்றால் அடுத்த துணியில் புள்ளிகளை நெருக்கமாக வைத்துக் கொடுங்கள்.

அடுத்து எதைச் சேர்க்கலாம்?

இரண்டு மூன்று மாதம் கழித்து, எதைக் கேட்கிறார்களோ அதை. ஒருத்தி பொம்மை செய்கிறேன் என்று பஞ்சு கேட்பாள், ஒருவன் ஜிப் வேண்டும் என்பான். தையல் பிரிக்கும் கத்தி கூரானது, எட்டு ஒன்பது வயது வரை அது உங்களிடமே இருக்கட்டும். வளைந்த ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு அலமாரியிலிருந்து புதிதாக ஒன்று கொடுங்கள். தூக்கிப் போடும் ஊசியை ஒரு பழைய மாத்திரைக் குப்பியில் போட்டு மூடிப் போடுங்கள். அப்புறம், ஊசியோ குண்டூசியோ கூடினால் மூடியில் எழுதி ஒட்டிய எண்ணிக்கையையும் திருத்திவிடுங்கள்.